உப்பில்லாத ரொட்டி

ரொட்டித் தொழிலாளர் சங்கத் தலைவர் ரிகோபெர்த்தோவையும் செயலாளர் லௌத்தாரோவையும் ராணுவம் சுட்டுக் கொன்றதை ரேடியோவில்தான் கேட்டோம். ஆட்சி ராணுவத்தின் கைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சிலியில் எங்கள் ஊரைப் போல எத்தனையோ ஊர்களில் அப்போது இதே செய்திதான். ராணுவ நீதிமன்றம் விசாரித்ததாம், தண்டனை நிறைவேறியதாம். உடல்களைக் கேட்டுப் போன ரிகோபெர்த்தோவின் மனைவி சுலேமாவை ராணுவ முகாம் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் ஒரு சார்ஜெண்ட் பேக்கரிக்கு வந்தான். சங்கத்தில் இனிமேல் தேர்தல் கிடையாது, காலி இடத்துக்கு வயதில் மூத்த தொழிலாளி வரவேண்டும் என்று உத்தரவை வாசித்தான்.

"இங்க யாருய்யா மூத்தவன்?"

நாங்கள் பன்னிரண்டு பேரும் மாவு மூட்டைகள் பக்கம் கை காட்டினோம். அங்கே எலியோதோரோ பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்பது. இருபது வருஷமாக ஒரு சங்கக் கூட்டத்திலும் அவர் முழித்திருந்ததில்லை. "நான் பேசறதே பெருசு நல்லாத் தூங்கட்டும்னுதான்" என்பார் ரிகோபெர்த்தோ.

சார்ஜெண்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இப்படிப்பட்ட தலைவரைத்தான் அவர்கள் தேடினார்கள்.

எழுந்த எலியோதோரோ விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "ஒனோஃப்ரே, சங்கத்துக்கு விதிமுறைப் புத்தகம்னு ஒண்ணு இருக்குமே, அதை எடுத்துட்டு வா."

"எதுக்குண்ணே?"

"தலைவராக்கிட்டானுங்க இல்ல? என்ன வேலைன்னு பாக்க வேண்டாமா?"

மூன்று நாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். நான்காம் நாள் கோட்டும் டையும் போட்டு முகாமுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். எதிரே ராணுவ லாரி வரும்போதெல்லாம் நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவர் கடைவீதிக்குப் போகிறவர் மாதிரி நடந்தார்.

கேப்டன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன பெரியவரே?"

"பதினாலாம் விதிங்க. உறுப்பினர் செத்தா சங்கம்தான் அடக்கம் பண்ணணும். எங்க ஆளுங்க ரெண்டு பேரு உங்ககிட்ட இருக்காங்க."

"அவனுங்க தேசத்துரோகிங்க."

"இருக்கலாங்க. ஆனா சந்தா பாக்கியில்ல."

கேப்டன் இப்போது நிமிர்ந்து பார்த்தான். "உன்னையும் அவங்களோடயே சேத்து வச்சிரவா?"

"வைக்கலாங்க. அடுத்த மூத்தவன் குசெப்பே. அவனுக்குக் காது கேக்காது. நீங்கதான் கத்தணும்."

எங்களை வெளியே தள்ளினார்கள். உயிரோடு தள்ளினார்களே என்று நான் வீடு வரை ஜெபம் பண்ணினேன்.

முகாமுக்குப் போகும் ரொட்டி மாவை லௌத்தாரோதான் பிசைவார். மறுநாள் அந்த இடத்தில் எலியோதோரோ நின்றார். அன்றைய ரொட்டி பொன்னிறமாக, மொறுமொறுப்பாக முகாமுக்குப் போனது. அதில் ஒரு கல் உப்பு இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. முகாமில் இருந்த சிப்பாய்களில் பாதிப்பேர் எங்கள் சுற்றுவட்டாரப் பையன்கள். அவர்கள் ரொட்டியைக் கடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். உப்பு ஏன் இல்லையென்று அவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஏழாம் நாள் காலை கேப்டனே பேக்கரிக்கு வந்தான்.

"என்னய்யா இது? சப்புனு இருக்கு."

"உப்பு போட்டேனா இல்லையான்னே மறந்துடுதுங்க. வயசாயிடுச்சு. நீங்கதான் வயசானவனா வேணும்னு கேட்டீங்க."

கேப்டன் இடுப்புத் துப்பாக்கியில் கை வைத்தான். பன்னிரண்டு பேரும் வேலையை நிறுத்தாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன கணக்குப் போட்டானோ தெரியாது. எலியோதோரோவின் மாவு படிந்த மேஜையிலேயே குனிந்து அடக்கத்துக்கு அனுமதிச் சீட்டு எழுதினான். மூடிய பெட்டிகள், ஐந்து பேர், பத்து நிமிஷம், பேச்சு கூடாது.

ஐந்து பேர்தான் கல்லறைத் தோட்டத்துக்குள் போனோம். ஆனால் அன்றைக்கென்று அதன் வாசல் தெருவில் எல்லாருக்கும் ரொட்டி தேவைப்பட்டது. மழையில் நாற்பது பேர் சைக்கிளில் கூடையோடு வரிசையாக நின்றார்கள். எங்கள் பேக்கரிக்காரர்கள் மட்டுமில்லை, ஊரிலுள்ள எல்லா பேக்கரிக்காரர்களும்.

எலியோதோரோ புத்தகத்தைப் பிரித்தார். காவலுக்கு நின்ற சிப்பாய் தயங்கினான். "பேசக்கூடாதுங்கய்யா."

"பேசலடா. வாசிக்கிறேன்."

பதினாலாம் விதியை முழுசாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அந்தச் சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டான். சுலேமா அழுதுகொண்டே சிரித்தாள். "என் வீட்டுக்காரரு பேச்ச ஒருநாளாவது முழிச்சிருந்து கேட்டிருக்கலாமில்ல?"

"தூக்கத்துலயே கேட்டேம்மா" என்றார் அவர். "எல்லாம் ஞாபகம் இருக்கு."

லௌத்தாரோவின் அம்மா இரண்டு பெட்டிகளையும் தடவிக் கொடுத்தாள். எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தவளுக்கு இப்போது பூ கொண்டுவர ஓர் இடம் இருந்தது.

மறுநாள் முகாம் ரொட்டியில் உப்பு சரியாக இருந்தது. அன்று மத்தியானமே பேக்கரி முதலாளியின் அறைக் கதவு தட்டப்பட்டது. கோட்டு, டை, கையில் புத்தகம்.

"பதினஞ்சாம் விதிங்க, ஐயா. உலை வேலைக்காரனுக்கு வருஷத்துக்கு ரெண்டு ஜோடி பூட்ஸ்."

முதலாளி பெருமூச்சு விட்டார். "இதுல மொத்தம் எத்தனை விதி இருக்கு?"

"அறுபத்திரெண்டுங்க" என்றார் எலியோதோரோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி.