லாரியில் வந்த கொடி

என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி, சொந்தப் போர்வெல் ரிக் லாரியோடு வருடத்தில் பத்து மாதம் வடநாட்டில் இருப்பார். மல்லசமுத்திரம் பக்கம் ரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம். ஊர் திரும்பும் லாரியில், போன இடத்துச் செடி ஒன்றைக் கட்டி அனுப்பிவிடுவார்கள்.

போன வருடம் இவர் அனுப்பியது மஞ்சள் பூப்பூக்கும் தரைக்கொடி. தண்ணீரே வேண்டாம், வாசல் பச்சையாய்க் கிடக்கும் என்றார். கிடந்தது. ஒரே மழையில் வேலியைத் தாண்டி, கொழுந்தனார் அப்புசாமியின் மரவள்ளிக் காட்டிலும் இறங்கிவிட்டது. பிடுங்கப் பிடுங்க முளைத்தது. கொழுந்தனார் சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

ஆயிரம் அடி துளை போடுகிற மனுசனுக்கு அரையடி வேரின் குணம் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம். மூன்று வாரம் இரண்டு பக்கமும் கொத்தி, வேரைப் பொறுக்கிக் காயவைத்து எரித்தேன். பிறகு என் யோசனைப்படி நட்டேன். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் சேம்பும் வாழையும். வாசலில் இட்லிப்பூ, நந்தியாவட்டை. எல்லாம் நட்ட இடத்தில் நிற்கிற சாதி, நாலு நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. அகல அகலமாய் இலை விரிந்து, மலையாளத்து வீடு மாதிரி ஆகிவிட்டது. கொழுந்தனார் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, சேப்பங்கிழங்கு கொஞ்சம் விதைக்குக் கேட்டார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்த வாரமே ராய்ப்பூரிலிருந்து போன். ஊதாப் பூக்கொடி ஒன்று கிடைத்திருக்கிறதாம், நாலே மாதத்தில் மதிலை மூடிவிடுமாம், லாரியில் ஏற்றுகிறாராம். வேண்டாம் என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அப்ப என்னோடதுன்னு அந்த ஊட்டுல என்னதான் இருக்கும், சௌந்திரம்?" என்றார்.

எனக்காகத்தான் செடி அனுப்புகிறார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஆத்திரம் போய் அழுகை வந்துவிட்டது.

"கொடி வேண்டாமுங்க. அந்த லாரியில நீங்க ஏறி வாங்க," என்றேன்.

ஆடிக்கு வருகிறவர் வைகாசியிலேயே வந்தார். கிணற்றடியில் ஒரு குழி எடுத்து, பாக்குக் கன்று ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். நட்டுவிட்டு, இதுவும் தானாக வளர்ந்துவிடுமா என்று கேட்டார்.

"இது தானா வளராதுங்க. தெனமும் ஆராச்சும் தண்ணி ஊத்தோணும்."

ஆவணியில் ரிக் கிளம்பியது, இந்தத் தடவை மேனேஜரோடு மட்டும். இவர் வாளியோடு கிணற்றடியில் நிற்கிறார்.