துர்காதேவி வீட்டு நிழல்

ஊரைவிட்டுக் கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் கைக்குழந்தைக்கும் தெரியும். கூப்பிட்டால் ஆள் போய்விடுவான். நிழல் மட்டும் திரும்பிப் பார்த்து அங்கேயே நின்றுவிடும். ஆனால் வெளியூர்க் கம்பெனிகள் ஆளை அள்ளிக்கொண்டு போன அந்த வருடங்களில் எந்தப் பெண்டாட்டி வாயை அடக்கினாள்? “சோத்து டப்பாவ உட்டுட்டியே!” என்று ரயிலடியில் கூவிய கூவலில் பிளாட்பாரம் முழுக்க நிழல்கள் தேங்கின. போர்ட்டர்கள் துடைப்பத்தால் ஒதுக்கித்தான் ஜனங்கள் இறங்க இடம் பண்ணினார்கள்.

அனாதையாக நின்ற நிழல்களை ஆதிநாராயணன் தன் பவர்லூம் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நிழலுக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், தீபாவளியும் வேண்டாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தறிகள் தடதடவென்று ஓடும். பக்கத்தில் ஓர் ஆள் இருக்காது. சுவரில் மட்டும் கறுப்புக் கைகள் அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும். நிழல்கள் நெய்த சேலையைக் கட்டியவர்களுக்கு அக்னி வெயிலிலும் பல் கிட்டியது. புத்தூரில் ஒரு கல்யாணப் பெண் சித்திரை மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டுதான் கழுத்தை நீட்டினாள்.

இந்த அக்கிரமத்தைத் தட்டிக் கேட்கவே துர்காதேவி நிழல் உரிமைச் சங்கத்தைத் தொடங்கினாள். சித்தூரில் ஒரு கிளை, திருப்பதியில் ஒரு கிளை. அவள் கீழே போட்ட கோஷத்தில் மேலே திருமலையில் தரிசன வரிசையே ஓர் அடி முன்னால் நகர்ந்ததாம். சங்கத்துக்கு ஒரே கொள்கை: கதவைத் திற, போவதா இருப்பதா என்று நிழலே சொல்லட்டும்.

ஆனால் அவள் வீட்டிலும் ஒரு நிழல் இருந்தது. அவள் கூப்பிட்டு நின்றுபோன அவள் புருஷன் சந்திரனின் நிழல். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போனவன் திரும்பவே இல்லை. வாராவாரம் வந்த போன் பண்டிகைக்கு ஒன்றாக இளைத்துவிட்டது. நிழல் அடுப்படிச் சுவரில் இருந்தது. “துன்னுட்டியா?” என்று தொடங்கி அவள் பேசுவாள், அது தலையாட்டும். அவள் அழுதால் இறங்கிவந்து பக்கத்தில் படுக்கும். கதவைத் தாழ் போட்டே வைத்திருந்தாள்.

ஒரு நடுப்பகலில் சங்கத்துப் பெண்கள் ஷெட்டை முற்றுகையிட்டார்கள். ஆதிநாராயணன் பூட்டின்மேல் முதுகைச் சாய்த்து நின்றார்.

“ஏம்மா துர்கா, என் கதவ தொறக்கச் சொல்றியே, உன் ஊட்டுக் கதவு இன்னா பாவம் பண்ணுச்சி?”

“அது எம் புருசன் நிழலு!”

“இதுங்களும் எவ புருசனோதான். நீ அடைச்சி வெச்சா குடித்தனம், நான் அடைச்சி வெச்சா கொடுமையா? பாகுந்தம்மா, ரொம்ப நல்லா கீது உன் நியாயம்!”

கூட்டம் சிரித்தது. துணைத்தலைவி கமலம்மா காதோரம் குனிந்தாள். “கொழுப்பெடுத்துப் பேசறான். ஆனா பொய்யில்லடி.”

“நீ யார் பக்கம்க்கா?”

“நிழலு பக்கம். நீதான என்ன சங்கத்துல சேத்த.”

“சரே, நீ தொற, நானும் தொறக்கிறேன். ஊரே சாட்சி!” என்றார் ஆதிநாராயணன். அவள் திறக்கமாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

சந்திரனின் நிழல் போய்விட்டால் துர்காதேவியின் பேச்சுக்குத் தலையாட்ட வீட்டில் ஒரு பூச்சி கிடையாது. விடாவிட்டால் ஷெட்டில் இருப்பவை சாகும்வரை இழை முடிய வேண்டும். நிழலுக்குச் சாவும் கிடையாது. விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். ஊர் பின்னாலேயே வந்தது. தாழை நீக்கினாள்.

“போணும்னா போ. இருக்கணும்னா இரு. எனக்காகப் பாக்காத.”

உச்சி வெயிலில் எல்லார் நிழலும் காலடியில் சுருண்டு கிடக்க, அது மட்டும் பனைமர நீளத்துக்கு வாசலில் நீண்டது. யார் பாதத்தின்மேல் ஏறிப் போனதோ அவர்களுக்கு முழங்கால்வரை விறைத்தது. தண்டவாளத்தை நோக்கிப் போயிற்று. துர்காதேவி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

ஊர் சாட்சியாயிற்றே, ஆதிநாராயணனும் திறக்க வேண்டியதாயிற்று. ஷெட்டிலிருந்து நிழல்கள் கொட்டிய கொட்டலில் தெரு இருண்டது. பொழுது சாய்ந்துவிட்டதென்று காக்கைகள் கூடு திரும்பின. கோழிகள் பஞ்சாரத்துக்குள் போய்த் தூங்கின. இந்தச் சந்தடியில் ஆதிநாராயணனின் சொந்த நிழலும் நைசாகக் கழன்றுகொண்டது. அன்றிலிருந்து அவர் குடையில்லாமல் வெளியே வருவதில்லை.

சில வாரம் போனபின் எஸ்.டி.டி. பூத்தில் துர்காதேவிக்குப் போன். சந்திரன்தான்.

“துர்கா, அது வந்துடுச்சி. என் முதுகுக்குப் பின்னாலயே நின்னுக்கினு கீது. நான் இன்னா பண்றது?”

“யோவ், அத்த கேளு. என்ன ஏன் கேக்கற?”

“கேட்டேன். பேசுது, துர்கா. உன் கொரல்ல பேசுது.”

அவளுக்கு ரிசீவர் பனிக்கட்டியாய்ச் சுட்டது. “இன்னா சொல்லுது?”

“துன்னுட்டியான்னு கேக்குது. உடாம கேக்குது.”

“அப்போ பதில் சொல்லுய்யா.”

“இன்னும் துன்னல,” என்றான் சந்திரன், போனில் அல்ல, பின்னால் திரும்பி நிழலிடம்.

துர்காதேவி வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரலே அவள் காதில் அதட்டியது:

“ஏன்?”