கை ஊன்றாமல்

முற்றத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, நான் விசில் ஊதக் காத்திருந்தார் ஆண்டிச்சாமி தாத்தா. அவர் எங்கள் வீட்டின் சொந்தக்காரர். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கீழே அவர் தனியாக, மாடியில் நாங்கள் குடித்தனம். பிளஸ் டூவில் நான் உடற்கல்வியை ஒரு பாடமாக எடுத்தபோது, “விளையாடுறதுக்கு எதுக்குட்டி புஸ்தகம்?” என்று முதலில் கேட்டவர் அவர்தான். செய்முறைத் தேர்வுக்காக, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் உடல்திறனைச் சோதித்து வரும்படி எங்கள் ஆசிரியர் எபனேசர் சார் சொன்னார். எனக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை. தயங்கிக் கேட்டேன். உடனே சரியென்றுவிட்டார்.

விசில் ஊதினேன். அரை நிமிடம், கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். சீக்கிரமே அவர் கைகள் தாமாக முழங்காலுக்கு இறங்கிவிட்டன.

“சேர் சரியில்ல.”

“சேர் நல்லாத்தான் இருக்கு தாத்தா. தொடையிலதான் பலம் இல்ல.”

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, கோயம்புத்தூரில் இருக்கும் மகன் விஜயபாண்டி, தன்னோடு வந்துவிடும்படி போனில் சண்டை போடுகிறாராம். மாதக் கடைசியில் காரோடு வருகிறாராம்.

“அங்க நாலாவது மாடி. லிஃப்ட்ல எறங்கி எவன்ட்டப் போய்ப் பேச? நீ படிக்கிற புள்ள, சிவரஞ்சனி. தாத்தா தெம்பா இருக்காவன்னு நீ சொன்னா நம்புவான். ஒண்ணு ரெண்டு கூட்டிச் சொல்லேன்.”

“கூட்டிச் சொல்ல மாட்டேன் தாத்தா. வேணும்னா நெசமாவே கூட வச்சுருவோம்.”

மறுநாள் காலையிலிருந்து, பள்ளி வேன் வருவதற்கு முன்பு எங்கள் வகுப்பு முற்றத்தில் நடந்தது. சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, மெதுவாக உட்கார்ந்து மெதுவாக எழுவது. தொடைத் தசைக்குப் பெயர் குவாட்ரிசெப்ஸ் என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். “இன்னைக்குக் குவாட்ரிசெப்ஸ் லேசா வலிக்குப்பா” என்று பால்காரரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் பாடத்தைப் படிக்காமல் கீழேயே கிடக்கிறேன் என்று அம்மாவுக்குக் கோபம். “ஏட்டி, பரிட்சை உனக்கா அவியளுக்கா?” என்று மாடியிலிருந்து கத்துவாள். வயதானாலும் தசை வலுப்பெறும் என்று புத்தகத்தில் இருந்தது. மதிப்பெண்ணுக்காக அதை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒரு காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டே, கையில் பேப்பரோடு, எதையும் பிடிக்காமல் எழுந்து உள்ளே போனார். அவருக்கே அது தெரியவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

விஜயபாண்டி மாமா மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் முன்னாலேயே மறுபடி விசில் ஊதினேன். தாத்தா முன்பு செய்ததைப்போல இரண்டு மடங்கு செய்துவிட்டு, மூச்சு வாங்கியபடி மகனைப் பார்த்தார். அடுத்து, எழுந்து போய் ஒரு வாளியைச் சுற்றிவந்து உட்கார வேண்டும். திரும்பும் இடத்தில் லேசாகத் தடுமாறிச் சுவரைத் தொட்டுவிட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். தாத்தாவும் பார்த்தார்.

“காலு நல்லா இருக்கு மாமா, வயசுக்குத் தக்கன. திரும்பும்போதுதான் பேலன்ஸ் பத்தல. இன்னும் பழகணும். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி வைக்கணும், தரையைச் சொரசொரப்பாக்கணும். அது இல்லாம தனியா இருக்கக் கூடாது.”

தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது என்ன பெரிய டெஸ்ட்டு, யார்னாலும் செய்வாங்க” என்று மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற உடம்பு. விசில் ஊதினேன். நேரம் முடிவதற்குள் அவர் கைகளும் முழங்காலுக்கு வந்துவிட்டன. எழுந்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

“சேர் நல்லாத்தாம்லே இருக்கு” என்றார் தாத்தா. மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் குளியலறைக்குப் போய், கம்பி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டு, சுவரில் விரலால் கோடு போட்டார். கோயம்புத்தூரைப் பற்றி யாரும் பேசவில்லை.

மிச்சமிருந்தது ஆறு நிமிட நடை. மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுக்குப் போனோம். ஓடக் கூடாது, முடிந்தவரை வேகமாக நடக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாத்தா கிளம்பினார். கூடவே வந்த மாமா, முதல் புளியமரத்தைத் தாண்டுவதற்குள் பின்தங்கிவிட்டார்.

“அப்பா, செத்த மெதுவாப் போங்க!”

அந்த நேரம் பின்னால் வந்த டவுன் பஸ், எங்களைப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் என்று நினைத்து ஓரங்கட்டி நின்றது. “ஏறுங்க, ஏறுங்க, சீக்கிரம்!” என்று கண்டக்டர் கதவிலிருந்து தலையை நீட்டினார். மாமா கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தேவிட்டார். தாத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல், கைகளை நன்றாக வீசி, பஸ்ஸைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.