பன்னிரண்டு வெற்றுப் பெட்டிகள்

தினுஷனுக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். தெரியும். மூன்று பாட்டு தெரியும். நான்காவது பாட்டு வந்ததும் முடியை முன்னால் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலை அகட்டி நிற்பான். சனம் காலைப் பார்க்கும், கையைப் பார்க்காது. இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டுதான் அவன் ‘கண்டி இடிமுழக்கம்’ என்ற இசைக்குழுவுக்குத் தலைவனானான். அவன் அப்பாவுக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை இருப்பதும், அந்தக் கடை வேன்தான் எங்களை ஏற்றி இறக்குகிறது என்பதும் இன்னொரு காரணம்.

நான் அந்தக் குழுவின் பாடகி, கலாராணி. கிழமை நாட்களில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடுகிறேன். எனக்கென்று இருப்பது பாட்டு ஒன்றுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வருடக் கடைசியில் என் குரல் உடைய ஆரம்பித்தது. மேலே போனால் வெறும் காற்றுத்தான் வந்தது. தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் சின்னக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் தடிப்பு விழுந்திருக்கிறது என்றார்.

“மேடையில பாடும்போது உங்க குரல் உங்களுக்குக் கேக்குதா?”

“இல்ல டாக்டர்.”

“அதான் கத்துறீங்க. இப்படியே கத்தினா பாட்டு மட்டும் இல்ல, பேச்சும் போயிரும்.”

இதற்கு மருந்து பார்மசியில் கிடைக்காது. மொனிட்டர் என்று ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. பாடுகிறவரின் காலடியில், முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைப்பார்கள். அதில்தான் தன் குரல் தனக்குக் கேட்கும். எங்கள் குழுவில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர், இரண்டும் சனத்தைப் பார்த்தபடி. என் முதுகுக்குப் பின்னால் யுகேஷ் டிரம்ஸை அடி அடியென்று அடிப்பான். நான் தினுஷனிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“அக்கா, தெல்தோட்டைத் திருவிழாவுக்கு முந்தி உங்களுக்குப் பெட்டி வந்துரும். இது என் வாக்கு” என்றான், நெஞ்சில் கை வைத்து.

பெட்டி வந்தது. ஒன்றல்ல, பன்னிரண்டு.

ஜமால்தீன் நானாவின் பட்டறைக்கு வரச்சொல்லித் தினுஷன் போன் எடுத்தான். நானா கட்டுகஸ்தோட்டையில் கல்யாண அலுமாரி செய்கிறவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல் ஓடினேன். பட்டறை முற்றத்தில் என் நெஞ்சுயரத்துக்குக் கறுப்பு ரெக்சின் ஒட்டிய பெட்டிகள் வரிசையாக நின்றன. முன்பக்கம் கொசுவலை போல ஒரு கறுப்புத் துணி. மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்த திருகுகள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவை ஷாம்பூ போத்தல் மூடிகள். ஒவ்வொன்றிலும் தங்க நிறத்தில் ‘தண்டர்’ என்று எழுத்து. அந்த எழுத்தைத் தினுஷன் தன் கையால் வெட்டி ஒட்டினானாம். ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், பிடித்ததாம். எந்தப் பாட்டுக்கும் அவன் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

நான் ஒரு பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

“ஸ்பீக்கர் எங்க தம்பி?”

“ஸ்பீக்கர் எதுக்குக்கா? வெளிநாட்டுல பெரிய பெரிய பேண்டே இப்படித்தான் செய்றாங்க. நம்ம பின்னால சுவர் மாதிரி அடுக்கிட்டா ஒரு கெத்து. சனம் வாயப் பொளக்கும்.”

ஜமால்தீன் நானாவுக்கு இன்னும் ஆறவில்லை. “நானும் மொதல்ல அலுமாரி எண்டுதான் நெனச்சேன் தங்கச்சி. எத்தின தட்டு வெக்கிற எண்டு கேட்டேன். தட்டு வாணாமாம். கதவு? அதுவும் வாணாமாம். அப்ப இதுக்குள்ள என்னத்த மகன் வெக்கிற எண்டு கேட்டா, ஒண்டும் வெக்கிறல்லயாம்!”

“என் மொனிட்டர்?” என்று தினுஷனைக் கேட்டேன்.

“இந்த சீசன் காசு இதோட சரியாப் போச்சுக்கா. அடுத்த சீசன் கட்டாயம். உங்களுக்கெல்லாம் எதுக்கு மொனிட்டர்? கடவுள் குடுத்த குரல் இருக்கே.”

பொறுப்பைக் கடவுள் தலையில் கட்டிவிட்டு அவன் பெட்டிகளோடு செல்ஃபி எடுக்கப் போய்விட்டான். அன்றே நான் விலகியிருக்க வேண்டும். ஆனால் மற்றக் குழுக்கள் இருபது வயதுப் பெண்களைத்தான் தேடுகின்றன. உடைந்த குரலோடு நாற்பதை நெருங்கும் ஒருத்தியை யார் எடுப்பார்கள்? வாயை மூடிக்கொண்டு தெல்தோட்டைக்குப் போனேன்.

அங்கே தேயிலைத் தோட்டத்துக் கோயில் வாசலில் மேடை. மத்தியானப் பூசை முடிந்து சனம் சேர்ந்திருந்தது. பெட்டிகளை இறக்கும்போது தினுஷன் எல்லோரையும் கூப்பிட்டு ரகசியமாக ஒரு கட்டளை போட்டான். “ஒரு பெட்டிக்கு ரெண்டு பேர். நல்லா முக்கித் தூக்குங்க. முகத்துல பாரம் தெரியணும்.” ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டியை இரண்டு தடியன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்ததோ, தினமும் கொழுந்து மூட்டையோடு மலை இறங்குகிற பெண்கள். அவர்களில் ஒருத்தி யுகேஷைக் கேட்டாள்: “என்னா தம்பி, வயித்து வலியா?”

சுவர் எழுந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வரிசை சிவப்பு லைட். மேடையில் பிளக் போதாது என்பதால், லைட்டுகளை மட்டும் ஒரு வேன் பேட்டரியில் கொடுத்திருந்தான் யுகேஷ். அந்தச் சுவர் மேடையின் பாதியை விழுங்கியதில் டிரம்ஸ் என் பிடரிக்கு வந்தது, நான் மேடை விளிம்புக்குப் போனேன். முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. வெற்றுப் பெட்டிகள் சும்மா இருக்கவில்லை. யுகேஷின் ஒவ்வொரு அடியையும் வாங்கி, காலிப் பீப்பாயைத் தட்டியது போலத் திருப்பிக் கொடுத்தன. முன்பு கேட்ட கொஞ்சநஞ்சமும் போயிற்று. கத்தினேன். இரண்டாவது பாட்டில் தொண்டைக்குள் ஏதோ கிழிவது போல இருந்தது. இன்றோடு என் குரல் முடிந்தது என்று உண்மையாகவே பயந்தேன்.

நான்காவது பாட்டில் மலையிலிருந்து மேகம் இறங்கி ஊரே இருட்டிவிட்டது. எங்கோ ஒரு இடி, நிஜமான இடி. கரண்ட் போனது. கிட்டார், கீபோர்ட், மைக் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. யுகேஷும் கையை நிறுத்தினான்.

அந்த இருட்டில், அந்த அமைதியில், பன்னிரண்டு பெட்டிகளும் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன. அதற்கு முன்னால் தினுஷன், கண்ணை மூடிக்கொண்டு, காலை அகட்டிக்கொண்டு.

“ஏங்க, கரண்டு போச்சு, பெட்டி மட்டும் எரியுதே?” என்று ஒரு குரல் கேட்டது.

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி முழுக் கூட்டத்துக்கும் பரவியது. வயிற்று வலியை விசாரித்தவள்தான் அதிகம் சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கோயில் தலைவர் இருளப்பன் மேடைக்கு வந்தார். அவர் சிரிக்கவில்லை. அவருக்குத் திருவிழா நின்றுவிடக் கூடாது. “அம்மா, கோயில் ஆம்ப்ளி இருக்கு, பேட்டரில ஓடுறது. அந்தா, சனத்துக்குப் பின்னால பந்தல் கால்ல மேடையப் பாத்தபடி குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கோம் பாருங்க. ஆனா எங்க பேட்டரி எறங்கிப் போச்சு. ஒரு பேட்டரி கெடைச்சா, கரண்டு வர்ற வரைக்கும் பாடுவீங்களா?”

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். என் பார்வை போன இடத்தைத் தினுஷனும் பார்த்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவனுக்கு ஒரு விஷயம் சட்டென்று விளங்கியது.

“அக்கா, வேணாம். லைட்டக் கழட்டாதீங்க. மானம் போயிரும்.”

“இன்னுமா பாக்கி இருக்கு?”

பின்னால் போய் இரண்டு வயரையும் பிடுங்கினேன். சுவர் அணைந்து வெறும் பலகையானது. பேட்டரியை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த மேடையில் பாரமாக இருந்த பொருள் அது ஒன்றுதான். முக்கச் சொல்லி எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இருளப்பன் வயரை மாட்டி, கோயில் மைக்கைக் கையில் கொடுத்தார். ஒரு மாரியம்மன் பாட்டை எடுத்தேன். டிரம்ஸ் இல்லை, ஒன்றும் இல்லை. முதல் வரி அந்தக் குழாய்க்குப் போய், கூட்டத்தின் தலைக்கு மேலாக என்னைத் தேடி வந்தது. மூக்கால் பாடியது போல, தகரச் சத்தம். ஆனால் என் குரல். அது எனக்குக் கேட்டது.

கேட்டதும், கத்தத் தேவையில்லை என்று தொண்டைக்கே தெரிந்துவிட்டது. இறுக்கம் விட்டது. காற்று மட்டுமே வந்த இடத்தில், மெல்லியதாக, சுரம் வந்து நின்றது. கண் நிறைந்துவிட்டது. தகரக் குழாயைப் பார்த்து அழுத பாடகி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சனம் அசையாமல் கேட்டது. இன்னொரு பாட்டுக் கேட்டார்கள், பாடினேன். அது முடியும்போது கரண்ட் வந்தது.

தினுஷன் என் காதருகே குனிந்தான். பாட்டைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன், புத்தி கெட்டவள்.

“பேட்டரியத் தாங்கக்கா. லைட்டப் போட்டுட்டு ஆரம்பிப்போம்.”

“தம்பி, அந்தக் குழாய் அப்படியே இருக்கட்டும். யுகேஷ் மெதுவா வாசிக்கட்டும். மிச்சப் பாட்டையும் இப்படியே பாடுறேன். இல்லாட்டி என் தொண்டை போயிரும்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். “அப்ப பெட்டி?” என்று கேட்டான்.

கோயில் மைக்கை இருளப்பன் கையில் கொடுத்துக் கும்பிட்டேன். “பேட்டரி அந்தா இருக்கு தம்பி. நீங்களே தூக்குங்க. முக்க மறந்துராதீங்க” என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன்.

ரோட்டுக்கு வரும்போது பின்னால் மறுபடி தொடங்கிவிட்டார்கள். டிரம்ஸும் பெட்டிகளும் சேர்ந்து பொம் பொம் என்றன. நடுவில் தினுஷனே பாடுவது போல ஒரு சத்தம். லைட் கட்டாயம் எரிந்திருக்கும்.

கண்டி பஸ்ஸில் சனம் இல்லை. டிரைவரின் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து, தூறலுக்கு ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, அந்த மாரியம்மன் பாட்டை எனக்கு மட்டும் கேட்கிற அளவில் பாடிப் பார்த்தேன். சுரம் அங்கேயே இருந்தது.

இரண்டு வளைவு கடந்ததும் டிரைவர், நான் கேட்காமலே, ரேடியோவைக் குறைத்து வைத்தார்.