பிராந்தி ஏற்றிய ரயில்

பாரீசிலிருந்து மச்சான் அனுப்பிய பொம்மை ரயில் மலிவுச் சரக்குதான், சோப்புடப்பா பிளாஸ்டிக். ஆனால் இஞ்சின் மட்டும் முழங்கை நீளம். தண்டவாளத்தில் கரண்டு பாய்ந்தால்தான் நகரும். காரைக்கால் உப்புக்காற்றில் தண்டவாளம் களிம்பேறியது. கரண்டோ, எப்போது வரும் என்று மாதாவுக்கே தெரியாது.

பள்ளிக்கூடக் குமாஸ்தா லூர்துநாதன் இஞ்சினைப் பிளந்தார். சக்கரத்திலிருந்து மோட்டாருக்குப் போன ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, கரிப்பெட்டிக்குள் டார்ச் செல்களை அடுக்கினார். ஜெகபர் சாதிக் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து விற்ற ரிமோட் காரின் குடலை உருவி உள்ளே திணித்தார். ஒயர்களுக்கு ஈயப்பற்று வைத்து ஒட்டியது மகள் ஜெயமேரி. அப்பாவுக்குக் கை நடுங்கும். இனித் தண்டவாளத்துக்குக் கரண்டு வேண்டாம் என்றானதும், மூங்கில் பத்தையைச் சீவியே பாதை போட்டுவிட்டார்.

ஜெயமேரிக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

"மோதிரம் மாத்தி முடியிற வரைக்கும் இந்த வீட்ல ஒரு சொட்டு இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள் மனைவி சலோமி. சொன்னதோடு நிற்காமல் கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தும்விட்டாள். பாட்டில்கள் படுக்கையறையில். மாப்பிள்ளையின் மாமன்மார் கொல்லையில், நாக்கு வறண்டு.

"பிள்ளைங்களுக்கு வேடிக்கை" என்று சொல்லி, படுக்கையறையிலிருந்து கூடத்து பெஞ்சுகளுக்கு அடியில் கொல்லைவரை மூங்கில் பாதையை ஓட்டினார் லூர்துநாதன். நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் திறந்தவெளி: பங்குச் சாமியார் நிற்கும் இடம்.

சாமியார் கண்ணை மூடி ஜெபம் தொடங்கியதும் லூர்துநாதன் ரிமோட்டை அழுத்தினார். முதல் பாட்டில் துண்டு போர்த்திக்கொண்டு கிளம்பியது. திறந்தவெளிக்கு வந்ததும் இஞ்சின் நின்றது. பிறகு பின்னால் போனது. மறுபடி முன்னால். அழுத்திப் பார்த்தார், உதறிப் பார்த்தார், சட்டையில் தேய்த்தும் பார்த்தார். துண்டு நழுவியது. பிராந்தி பாட்டில் சாமியாரின் காலடியில் முன்னும் பின்னுமாக உலாத்தியது.

"ஆமென்" என்று கண் திறந்தவர் குனிந்து பார்த்தார்.

லூர்துநாதன் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கல்யாணம் நின்றது, சலோமி தாய்வீடு போகிறாள், ஊர் சிரிக்கிறது என்று எல்லாம் வரிசையாக அவர் கண்முன் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா அற்புதம் எழுந்தே விட்டாள்.

அதுவரை மரம்போல் இருந்த மாப்பிள்ளை சிலுவைராஜ் பொசுக்கென்று மண்டி போட்டான்.

"மாமா, ஏரியல் எங்க வச்சிருக்கீங்க?"

"அதில்லைங்க" என்றாள் ஜெயமேரி. அன்று அவள் தலை நிமிர்ந்தது அப்போதுதான். "பக்கத்து வீட்டுத் தெட்சிணாமூர்த்தி சாரும் சாதிக் பாய்கிட்ட இதே கார்தான் வாங்கினாங்க. அங்க ஓட்டுறாங்க, இங்க ஓடுது. ரெண்டும் ஒரே அலைவரிசை."

மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். ஐம்பது வயசுத் தெட்சிணாமூர்த்தி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைக் கிணற்றைச் சுற்றி விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஈயப்பத்து வச்சது நீங்களா?" என்று கேட்டான் சிலுவைராஜ்.

"பின்ன, அப்பாவா?"

அற்புதத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. அதன்பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மோதிரம் மாற்றினார்கள். சாமியார் பாட்டிலை அங்கிக்குள் பத்திரப்படுத்தி, "குற்றப்பொருள், கோயிலுக்குப் போகுது" என்றார்.

சலோமி மட்டும் சிரிக்கவில்லை. லூர்துநாதன் இலையில் வஞ்சிர மீனின் வால்துண்டைப் போட்டாள். பொண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட வராமல் இஞ்சினைக் குடைந்துகொண்டிருந்தார்கள். நடுத்துண்டு கேட்கத் தைரியமில்லாமல் அவர் முள்ளை எடுக்க ஆரம்பித்தார்.