நடுவில் நிற்காத வாள்

காலை வெயில் பட்டறைத் தெருவின் தகரக் கூரைகளில் ஏறி, சாளரக் கம்பிகளின் வழியே வரிவரியாக உள்ளிறங்கி, மிதந்த மரத்தூளைப் பொன்துகளாக்கிய வேளையில், தச்சன் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசிப் பலகையை மின்வாளின் முன் கிடத்தினான். ஊரார்க்கெல்லாம் மேசை செய்து கொடுத்தவன் தன் வீட்டுக்கென்று செய்யும் முதல் மேசை அது. செர்ரி மரந்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்ற அவன் மனைவி, அறுபடும் பலகையை ஏந்த எதிர்ப்புறம் நின்றாள்.

பட்டின் வழவழப்பும், அறுத்த அன்று வெளிர்ந்திருந்து வெளிச்சம் படப்படச் செம்மை ஏறும் அழகும் உடைய அம்மரம், பொல்லாத ரோசக்காரி. சுழலும் வாள் அதன்மேல் இமைப்பொழுது தயங்கினாலும் அவ்விடம் கருகிவிடும். தொடங்கிய அறுப்பை நடுவில் நிறுத்துவதில்லை என்பது அவ்விருவர் கைகளிலும் ஊறியிருந்தது.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?”

“புதுப் பலகைடி நான். வெயில்ல வெச்சா தானா செவந்துடுவேன்.”

“வாய்க்கு மட்டும் ஒரு கொறச்சலும் இல்ல.”

வாள் உறுமிற்று. பாதிப் பலகை கடந்தபோது, அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் அரும்ப, இடத்தோள் மெல்லச் சரிய, உதடுகள் நிறமிழப்பதை அவள் கண்டாள்.

“நிறுத்துங்க! அப்புறம் பாத்துக்கலாம்!”

“கருகிடும்டி... இன்னும் ஒரு முழந்தான். நேரா இழு.”

நிறுத்தும் பொத்தான் அவன் முழங்காலருகே இருந்தது; அவன் தொடவில்லை. அவளோ கையை விட்டால் பலகை எகிறி அவன் மார்பிலேயே பாயும். பல்லைக் கடித்து, கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்காமல், வேகம் கூட்டாமலும் குறைக்காமலும் இழுத்தாள். முழம் சாணாயிற்று, சாண் விரலாயிற்று. பலகை இரண்டாகப் பிரிந்ததும் முழங்காலால் பொத்தானை அழுத்தியவன், களைத்தவன்போல் மரக்குவியலில் சாய்ந்தான். பக்கத்துப் பட்டறைக் கொல்லன் வண்டி கொண்டுவருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

கருகினால்தான் என்ன? இழைப்புளியை நாலு இழுப்பு இழுத்தால் மறையும் கறை. அதை அறியாதவர் அவ்விருவரில் எவருமில்லை. ஆயினும் கையில் ஊறியது அறிவை முந்திக்கொண்டது.

பின்னர் அவளே பலகைகளைப் பசையிட்டு இணைத்து மேசையை முடித்தாள். அவன் உயிரோடு மல்லாடிக் காத்த விளிம்பு இணைப்பினுள் புதைந்து எவர் கண்ணுக்கும் எட்டாததாயிற்று. மழையில் மரம் உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது. அந்த இணைப்பு இன்னும் விடவில்லை.