விரிசலின் நுனி

தம்பி கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தடவினால் அலுமினிய எஞ்சின் கேஸில் விழுந்த விரிசல் மூடிக்கொள்ளும் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்குத் தெரியவந்தது. பட்டறையில் அவனைத் தவிர நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேர் வாயைப் பிளந்தார்கள். நான்காவது ஆள் அவனுடைய அக்கா. அவள் வெல்டிங் முகமூடியைக் கழற்றவே இல்லை.

அது வாடிக்கையாளரான ஒரு பல் டாக்டருடைய அறுபது வயது மோட்டார் சைக்கிளின் எஞ்சினை மூடும் கேஸ். செயின் அறுந்து அடித்ததில் விரிசல் விட்டிருந்தது. அக்கா அதோடு மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பழைய அலுமினியம் இத்தனை வருஷ எண்ணெயையும் குடித்து வைத்திருக்கும். அடுப்பில் வைத்துச் சுட்டு அதைக் கக்கவைக்காமல் வெல்டிங் பிடித்தால் பற்றவைத்த இடம் முழுக்கப் புழு அரித்த மாதிரி பொத்தலாகிவிடும். பிறகு விரிசலின் நுனியில் ஒரு சின்னத் துளை போடவேண்டும். இல்லாவிட்டால் இங்கே மூட மூட அது அங்கே ஓடும். நுனியோ கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்காது, ஒரு நகக்கண் அளவாவது தள்ளித்தான் ஒளிந்திருக்கும். உலோகவியல் படித்துப் பட்டம் வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டு கற்ற வித்தை இது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். தம்பி பத்தாவதை மூன்று தடவை எழுதியவன். பட்டறைக்கு அவன் வந்ததே வண்டிக் கண்ணாடிகளில் தலை சீவத்தான்.

அவன் மூடிய கேஸை அவள் சோதித்தாள். சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவினால் மயிரிழை விரிசலும் சிவப்பாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அவள் முகம்தான் சிவந்தது.

அடுத்த இரண்டு வருஷத்தில் நானூறு கேஸ்கள் வந்தன. "உன் கை மாதிரி வராதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்த பல் டாக்டர், இப்போது அவளைத் தாண்டிப் போய்த் தம்பிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவளுக்கு வந்த வேலை சைலன்சர் தாங்கியும் சைடு ஸ்டாண்டும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா என்னடி என்று கேட்டபோது பல்வலி என்றாள், டாக்டரை நினைத்துக்கொண்டு.

ஆனால் ஒன்றை அவள் மட்டும் கவனித்தாள். தடவி முடித்ததும் தம்பி விரலைப் பின்சுவரில் தேய்ப்பான். அந்தச் சுவரில் வெல்டிங் வாயு உருளைகளுக்குப் பின்னால் நானூறு விரிசல்கள் இருந்தன. பல் டாக்டருடையதை அவள் பார்த்ததும் அடையாளம் கண்டாள். பல்லிக்கால் மாதிரி மூன்றாகப் பிரிந்தது. ஒவ்வொன்றின் நுனியிலும் பென்சிலால் தேதி போட்டு வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சுவர்தானே என்று இருந்துவிட்டாள்.

மூன்றாம் வருஷம் அப்பா பட்டறைக்கு வெள்ளையடித்து, 'மற்றும் மகன்' என்று புதுப் பலகை மாட்டினார். அப்ப நான் என்று அவள் கேட்டதற்கு, "உன் பேருதான் சர்டிபிகேட்ல இருக்கேம்மா" என்றார். சுவரில் கை வைத்தால் வெட்டிவிடுவேன் என்று எல்லோரையும் எச்சரித்தார். தம்பி விரலைத் தேய்ப்பதை விட்டான். அன்று மத்தியானமே அவன் விரல் நகத்துக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு சைடு ஸ்டாண்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கோடு மணிக்கட்டைத் தாண்டியது, முழங்கையைத் தாண்டியது. வலி இல்லை, ரத்தம் இல்லை. கறுத்த எஞ்சின் ஆயில் மட்டும் கசிந்தது. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் கோடு தோளில் ஏறி நெஞ்சுப் பக்கம் திரும்பியது. அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு அவள் பெஞ்சுக்கு வந்தான். அப்பாவும் அம்மாவும் பின்னாலேயே வந்தார்கள்.

"சுவத்துல தேதி போட்டது நீதானேக்கா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சுவத்துக்கு எதுக்குச் சொல்லணும்?"

"இதுக்கு?" என்று கையைக் காட்டினான்.

அவள் அவனைப் பெஞ்சில் படுக்கவைத்தாள். சாயம் பூசித் துடைத்துப் பொடி தூவினாள். நுனி, தெரிந்த இடத்துக்கு ஒரு நகக்கண் தள்ளி, இதயத்துக்கு நான்கு விரல்கடை மேலே இருந்தது. டிரில்லில் மூன்று மில்லிமீட்டர் பிட்டை மாட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"பலகைல என் பேரு வரணும். மொதல்ல வரணும்."

"இப்பவா இதப் பேசுவ?"

"இப்பத்தான்பா பேசுவேன்."

அம்மா அப்பாவின் முழங்கையை இடித்தாள். அப்பா தலையாட்டினார்.

அக்கா துளை போட்டாள். சுருள் சுருளாக அலுமினியத் துருவல் வந்தது. கோடு துளைக்கு வந்து நின்றது. அவள் டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். கறை இல்லை, எண்ணெய் இல்லை, ஊசிமுனை அளவு பொத்தல்கூட இல்லை. புது வார்ப்பு மாதிரி பளபளத்தது. இருபது வருஷம் தேய்த்தாலும் தன் கையில் அப்படி ஒன்று வராது என்று அவளுக்குத் தெரிந்தது. உயிர் பிழைத்த தம்பியைப் பார்த்து அவளுக்கு வந்த முதல் நினைப்பு அதுதான்.

பலகையில் இப்போது அவள் பெயர் முதலில் இருக்கிறது. தம்பி மறுபடி சுவரில் தேய்க்கிறான். சனிக்கிழமைதோறும் அவள் சுவரிலுள்ள விரிசல்களின் நுனிகளில் துளை போடுகிறாள். அவன் சட்டைப் பொத்தானைப் போடாமல் வண்டியில் வேகமாகப் போனால் நெஞ்சில் இருக்கும் துளை விசிலடிக்கும். தெருவில் ஹாரன் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவன் மூடுகிற ஒவ்வொரு கேஸையும் அவள் இன்றும் சாயம் பூசிப் பார்க்கிறாள், ஒரே ஒரு சிவப்புப் புள்ளிக்காக. வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.